பெயரில்லாத செருப்பு

ஒரு செருப்பைப் பற்றி நாவல் எழுதுகிறவன் என்ன எழுதிவிட முடியும் என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். தோல் வியாபாரி எழுதலாம், கைத்தொழில் வாரியத்துக்காரர்கள் எழுதலாம். கதைக்காரனுக்கு இதில் என்ன வேலை? வேலை உண்டு என்பது என் கட்சி. யார் செய்தது, யார் பெயரில் போயிற்று, யார் கைக்குப் பணம் வந்தது என்ற மூன்று கேள்விகளும் இலக்கியத்திலும் உண்டு, செருப்பிலும் உண்டு. ஒருவர் கதையின் கருவை இன்னொருவர் எடுத்துக்கொண்டார் என்றால் நம் பத்திரிகைகளில் மூன்று மாதம் சண்டை நடக்கிறது. செருப்பு விஷயத்தில் அப்படிக் கேட்க நாம் பழகவில்லை. பழகாததற்குக் காரணம் செருப்பு அல்ல, செருப்புத் தைக்கிறவரை நாம் எங்கே வைத்திருக்கிறோம் என்பதுதான்.

2025 ஜூன் 22-ஆம் தேதி இத்தாலியில் மிலான் நகரத்தில் பிராடா என்ற பெரிய உடுப்புக் கம்பெனி, ஆண்களுக்கான அடுத்த வருஷத்து வசந்தகால, கோடைகால உடுப்புகளை மேடையேற்றிக் காட்டியது. நடந்து வந்த இளைஞர்கள் சிலர் காலில் ஒரு செருப்பு. கட்டைவிரலுக்கு ஒரு வளையம், நடுவில் பின்னல் வார், பாதத்தின் குறுக்கே அகலப் பட்டை, தட்டையான அடித்தோல். பம்பாய்ப் பக்கம் ஒரு தரம் போய்வந்தவர்கூடச் சொல்லிவிடுவார், அது கோலாப்பூர்ச் செருப்பு என்று. ஆனால் கம்பெனியின் குறிப்பில் இருந்தது வெறும் 'தோல் செருப்பு' என்பதுதான். கோலாப்பூர் இல்லை, மகாராஷ்டிரம் இல்லை, இந்தியாவே இல்லை.

நம் நாட்டில் கூக்குரல் எழுந்தது. மகாராஷ்டிர வர்த்தக சபை கம்பெனிக்குக் கடிதம் எழுதியது. சில நாட்களில் பதில் வந்தது. இந்தியாவின் மரபான செருப்பிலிருந்தே தூண்டுதல் பெற்றோம், இன்னும் ஆரம்ப நிலையில்தான் இருக்கிறது, விற்பனைக்குச் செய்வதாக முடிவாகவில்லை என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. ஜூலையில் கம்பெனியின் ஆட்கள் கோலாப்பூருக்கே வந்து வேலை நடப்பதைப் பார்த்துப் போனார்கள். டிசம்பரில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் செருப்பைச் சொல்ல வேண்டும். பொருளைத் தெரிந்துகொள்ளாமல் நியாயம் பேசுவது நம்மிடையே அதிகமாகிவிட்டது.

இந்தச் செருப்பின் தோலைப் பதனிட ரசாயன உப்பு வேண்டியதில்லை. கருவேலம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தண்ணீரில் தோலை நாள் கணக்கில் போட்டு எடுக்கிறார்கள். அவசரப்படுத்த முடியாத வேலை. பட்டையின் சாறு தோலுக்குள் போகிற வேகத்தில்தான் போகும். பிறகு அடித்தோலை அடித்து இறுக்கி, அடுக்கி, தோல் நூலாலேயே தைக்கிறார்கள். பழைய முறையில் ஆணி கிடையாது. வார்களை மெல்லியதாக அரிந்து பின்னுகிற நுட்பமான வேலையில் வீட்டுப் பெண்களும் கலந்துகொள்கிறார்கள். பாதத்தின் இரு பக்கமும் காது மாதிரி இறங்குகிற தோலுக்கு மராத்தியில் காது என்றே பெயர்; அதை வைத்து ஒரு ரகத்துக்கே பெயர். காப்ஷி என்று இன்னொரு ரகம், ஊர்ப் பெயரால் வந்தது. புதுச் செருப்பு முதலில் காலைக் கொஞ்சம் கடிக்கும். சில நாள் போட்டால் போடுகிறவர் காலுக்கென்றே அளவெடுத்த மாதிரி ஆகிவிடும்.

செய்கிறவர்கள் யார்? பெரும்பாலும் தீண்டப்படாதவர்கள் என்று ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட ஜாதிகள். தோலை உரிக்க ஒருவர், பதனிட ஒருவர், தைக்க ஒருவர் என்று ஜாதியே வேலையைப் பங்கிட்டுக் கொடுத்திருந்தது. கோலாப்பூர் சாஹு மகாராஜா இந்தத் தொழிலுக்கு ஆதரவு கொடுத்தார். அதே மகாராஜாதான் தம் சமஸ்தானத்தில் பிற்பட்டவர்களுக்கு 1902-இல் உத்தியோகங்களில் இட ஒதுக்கீடு கொண்டுவந்தவர் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும். செருப்பை ஆதரித்தவர் செருப்புத் தைக்கிற மனிதரையும் ஆதரித்தார். இந்த இரண்டும் எப்போதும் சேர்ந்து நடப்பதில்லை. பெரும்பாலும் முதலாவது நடக்கும், இரண்டாவது நடக்காது.

2015-இல் மகாராஷ்டிரத்தில் பசுவதைத் தடைச் சட்டம் காளைகளுக்கும் எருதுகளுக்கும் நீட்டப்பட்டது. அந்தச் சட்டம் சரியா தவறா என்பது வேறு விவாதம். ஆனால் தோல் கிடைப்பது குறைந்து இந்தத் தொழில்காரர்கள் தவித்ததை யாரும் மறுக்கவில்லை. அப்போது மிலானுக்கு எதிராக எழுந்த மாதிரி ஒரு கூக்குரல் எழுந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

*

இனிச் சட்டத்துக்கு வருவோம். புவிசார் குறியீடு என்று ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 1999-இல் சட்டம் இயற்றி 2003-இல் அமலுக்கு வந்தது. டார்ஜிலிங் தேயிலை முதலாவதாகப் பதிவாயிற்று. நம் காஞ்சிபுரம் பட்டுக்கும் உண்டு. கோலாப்பூர்ச் செருப்புக்கு 2019-இல் கிடைத்தது. மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர், சாங்கலி, சதாரா, சோலாப்பூர். கர்நாடகத்தில் பெல்காம், பாகல்கோட்டை, தார்வாட், பிஜாப்பூர். ஆக எட்டு ஜில்லாக்களில் செய்வதற்குத்தான் அந்தப் பெயர் செல்லும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சட்டம் காப்பாற்றுவது பெயரை. செருப்பின் வடிவத்தை அல்ல, பின்னலை அல்ல, செய்முறையை அல்ல. வேறு எங்கோ செய்த செருப்பில் கோலாப்பூர் என்று அச்சடித்து விற்றால் சட்டம் பிடித்துக்கொள்ளும். அதே செருப்பில் கோலாப்பூர் என்ற பெயரை எடுத்துவிட்டு விற்றால் சட்டத்துக்குப் பிடி கிடைப்பது கஷ்டம். பெயரைத் திருடுகிறவன் குற்றவாளி. பெயரைச் சொல்லாமல் விடுகிறவன் நாகரிகமானவன்! மிலானில் நடந்தது இரண்டாவது. சிலர் பம்பாய் ஹைகோர்ட்டில் பொதுநல வழக்குப் போட்டார்கள். 2025 ஜூலையில் அது தள்ளுபடியாயிற்று. குறியீட்டைப் பதிவு செய்துகொண்டவர்கள்தான் வழக்குக்கு வரவேண்டும், நீங்கள் யார் என்று கேட்டது கோர்ட்டு. சட்டப்படி சரியான கேள்விதான். ஆனால் அந்தப் பதிவு இருப்பது தைக்கிறவர் பெயரில் அல்ல. லிட்காம், லிட்கர் என்ற இரண்டு மாநில சர்க்கார்த் தோல் கார்ப்பரேஷன்களின் பெயரில். மிலானில் சொல்லப்படாத பெயர் கோலாப்பூர் என்றால், பதிவுப் புத்தகத்திலும் சொல்லப்படாத பெயர் ஒன்று இருக்கிறது. அது செய்தவனுடைய பெயர்.

டிசம்பர் ஒப்பந்தம் இந்த இரண்டு கார்ப்பரேஷன்களோடுதான் ஆயிற்று. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் உள்ள கைவினைஞர்களைக் கொண்டு 2,000 ஜோடி செய்வது; ஒரு ஜோடி ஏறக்குறைய 800 யூரோவுக்கு விற்பது; தொழில்காரர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என்று அறிவித்தார்கள். 800 யூரோ என்றால் நம் பணத்தில் 80,000 ரூபாய்க்கு மேல். நம் கடைத்தெருவில் ஆயிரம் ரூபாயை ஒட்டியே நல்ல ஜோடி கிடைக்கிறது.

இந்த இரண்டு விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடித்தார்கள் கொள்ளை என்று கூவுவது சுலபம். நான் கூவப் போவதில்லை. பெரிய நகரங்களில் கடை வாடகை, விளம்பரம், கம்பெனியின் நூறு வருஷத்துப் பெயர் எல்லாம் அந்த விலையில் சேரும். வாங்குகிறவரும் தெரிந்தேதான் வாங்குகிறார். 80,000 ரூபாய்க்கு ஏன் விற்கிறாய் என்பது என் கேள்வியல்ல. 80,000-இல் பதனிட்டவருக்கு எவ்வளவு, பின்னியவளுக்கு எவ்வளவு, தைத்தவருக்கு எவ்வளவு? ஆயிரம் ரூபாய்ச் செருப்புக்கு வாங்கிய அதே கூலியையா இதற்கும் வாங்குகிறார்கள்? பெட்டிக்குள் இருக்கிற சீட்டில் அவர்கள் ஊர் பெயராவது இருக்கிறதா? 2,000 ஜோடி தீர்ந்தபின் மறு வருஷம் ஆர்டர் உண்டா? ஓர் ஒப்பந்தம் நியாயமானதா என்பதற்கு உரைகல் இவைதாம். கையெழுத்துப் போட்ட மண்டபத்தில் எடுத்த போட்டோ அல்ல.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கம்பெனி பிடிவாதம் பிடிக்கவில்லை. வந்தது, பேசியது, எழுதிக் கொடுத்தது. அவ்வளவு செய்யாத கம்பெனிகள் பல உண்டு. ஆனால் வரிசை தலைகீழாக இருந்தது. முதலில் மேடை, பிறகு கூச்சல், அதற்கப்புறம் பெயர். கேட்டு வாங்கிக்கொண்ட மரியாதைக்கும் கேட்காமல் வந்த மரியாதைக்கும் வித்தியாசம் உண்டு. கல்யாணத்தில் பந்தி முடிந்தபின் அழைப்பு வந்தால் நாம் சாப்பிடப் போவோமா?

*

வெளிநாட்டுக் கம்பெனியைத் திட்டுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. நம்மை நாம் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை. 2021-இல் நம் ஊர் டிசைனர் சப்யசாச்சி முகர்ஜியும் எச் அண்ட் எம் என்ற கம்பெனியும் சேர்ந்து ஓர் உடுப்பு வரிசையை வெளியிட்டார்கள். ராஜஸ்தானத்து சாங்கானேரி அச்சை நினைவூட்டுகிற பூக்கள். ஆனால் மரக்கட்டை அச்சு அல்ல, மெஷின் அச்சு. கைத்தொழில் அமைப்புகள் பலவும் சேர்ந்து பகிரங்கக் கடிதம் எழுதின. இந்த மரபின் பெயரில் இத்தனை பெரிய சந்தை கிடைத்தும் அச்சடிக்கிறவருக்கு வேலை போகவில்லையே என்பது அவர்கள் குறை. சட்டையைச் சில நிமிஷங்களில் வாங்கித் தீர்த்தவர்கள் நாம்தான்.

கோலாப்பூர்ச் செருப்பும் அப்படித்தான். ரெக்ஸினில் மெஷினில் அடித்த போலிகளைக் கோலாப்பூரி என்று பெயர் சொல்லியே நம் கடைகளில் விற்கிறார்கள். வாங்குகிறோம். அசலைப் பார்த்தால், 'இதுக்கா இவ்வளவு?' என்று நூறு ரூபாய் குறைக்கச் சொல்கிறோம். மிலானில் பெயரை விட்டார்கள். நாம் விலையை விடுகிறோம். இரண்டும் ஒரே வீட்டு வாசலில்தான் போய் விழுகின்றன.

டிசைனர்கள் எப்போதும் சொல்கிற வார்த்தை 'தூண்டுதல்'. எழுத்தாளர்களாகிய எங்களுக்கும் பிடித்த வார்த்தைதான். நாட்டுப்புறத்துக் கிழவி சொன்ன கதையைக் கேட்டு, பாத்திரங்களுக்குப் பெயர் வைத்து, ஒரு மனோதத்துவத்தையும் சேர்த்து அச்சில் போட்டால் அது எங்கள் கதை, கிழவி தூண்டுதல். தூண்டுதல் வாங்கவே கூடாது என்றால் கலையே நடக்காது. கம்பன் வால்மீகியிடம் வாங்கவில்லையா? வாங்கினான். ஆனால் கதை வால்மீகியுடையது என்பதை மறைத்தானா? மறைக்கவில்லை. கம்பன் பெயரும் குறையவில்லை. சொல்லிவிட்டு வாங்குவது இலக்கிய மரபு. சொல்லாமல் வாங்கிவிட்டு, கேட்டால் தூண்டுதல் என்பது வியாபார மரபு.

பெயரில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. ஜப்பானில் யானகி ஸோயெட்ஸு என்ற அறிஞர் பெயர் தெரியாத கைவினைஞனின் அழகைப் போற்றி ஓர் இயக்கமே நடத்தினார். 'நான் செய்தேன்' என்ற அகந்தை இல்லாமல், தலைமுறைகளின் கை செய்ததே உயர்ந்த அழகு என்பது அவர் தத்துவம். உயர்ந்த தத்துவந்தான். ஆனால் அந்தத் தத்துவத்தால் உலகம் தெரிந்துகொண்ட பெயர்கள் எவை? யானகி, ஹமாடா, கவாய். ஹமாடா தம் பானைகளில் கையெழுத்துப் போடமாட்டார்; ஆனால் பானையை வைக்கிற மரப்பெட்டியில் போட்டார். அவரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை, மகா கலைஞர். பெயரில்லாமை அழகு என்று சொல்கிறவருக்குப் பெயர் இருக்கிறது. பெயரில்லாமல் கிடக்கிறவரை இந்த விஷயத்தில் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

அதே ஜப்பானில் வேறொரு உதாரணம். 1951-இல் சிற்பி இஸாமு நொகுசி கிஃபு என்ற ஊருக்குப் போனார். மூங்கில் வரிச்சும் முசுக்கட்டை மரப்பட்டைக் காகிதமும் கொண்டு விளக்குக்கூடு செய்கிற ஊர் அது. தொழில் நொடித்துக்கொண்டிருந்தது, உதவி செய்யவேண்டும் என்று ஊர்த் தலைவர் கேட்டார். நொகுசி பட்டறையில் உட்கார்ந்து வேலையைப் பார்த்தார். மின்சார விளக்குக்கு ஏற்ற மாதிரி புதுப் புது வடிவங்களைக் கொடுத்தார். அகாரி விளக்குகள் என்று இன்றைக்கும் அவற்றை ஓஸெகி என்ற அதே ஊர்ப் பட்டறையில் கையால்தான் செய்கிறார்கள். வேலை ஊரைவிட்டுப் போகவில்லை. காகிதமும் மூங்கிலும் மாறவில்லை. அழைத்தபின்தான் அவர் போனார். இத்தனைக்கும் விளக்கைப் பார்க்கிறவர் நொகுசி விளக்கு என்றுதான் சொல்கிறார். வரிச்சு கட்டினவர் பெயர் இங்கேயும் காணோம். நல்ல கூட்டுறவிலும் பாக்கி ஒன்று நிற்கிறது.

*

அந்தப் பாக்கியை யாராவது தீர்க்க முயன்றார்களா என்று பார்த்தால், எனக்குத் தெரிந்த நல்ல முயற்சி குஜராத்தில் கட்ச் பிரதேசத்தில் நடந்தது.

அங்கே அஜ்ரக் என்று ஒரு துணி உண்டு. நீலமும் சிவப்புமாக, நட்சத்திரமும் கட்டமுமாக, மரக்கட்டையால் அச்சடிப்பது. ஒரு துணி முடியப் பதினான்கு, பதினாறு கட்டங்கள். கடுக்காய்த் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள், துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறப்போட்டுக் கறுப்பு எடுப்பார்கள், சுண்ணாம்பும் பிசினும் கலந்து சாயம் ஏறக்கூடாத இடத்தில் அச்சடிப்பார்கள், அவுரியில் தோய்ப்பார்கள், ஓடுகிற தண்ணீரில் அலசுவார்கள், வெயிலில் போடுவார்கள். தமட்கா என்ற ஊர்க் கத்ரிகளின் பரம்பரைத் தொழில். ரசாயனச் சாயம் வந்து பழைய முறை மறைந்துகொண்டிருந்தபோது முகம்மது சித்தீக் கத்ரி என்பவர் இயற்கைச் சாயத்தை மீட்டார். 2001 ஜனவரி 26-இல் வந்த பூகம்பம் ஊரைத் தரைமட்டமாக்கியது; தண்ணீரும் சாயத்துக்கு ஒத்துவரவில்லை. பலர் கூடிப் புஜ் பக்கத்தில் அஜ்ரக்பூர் என்று துணியின் பெயராலேயே புது ஊர் கட்டிக்கொண்டார்கள். சித்தீக்கின் மகன் இஸ்மாயில் கத்ரிக்கு இங்கிலாந்தில் ஒரு சர்வகலாசாலை 2003-இல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. கைவினைஞருக்குப் பெயர் உண்டாக முடியும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

இந்தப் பிரதேசத்தில் ஜூடி ஃபிரேட்டர் என்ற அமெரிக்க அம்மையார் பல வருஷம் எம்பிராய்டரிப் பெண்களோடு பழகினவர். கலா ரக்ஷா என்ற அமைப்பை 1993-இல் தொடங்கியவர்களில் ஒருவர். அவர் கேட்டது எளிய கேள்வி. பட்டணத்து டிசைனர் வந்து படம் கொடுக்கிறார், கைவினைஞர் செய்து கொடுக்கிறார். யோசிப்பதற்கு ஒரு விலை, செய்வதற்கு ஒரு கூலி. இப்படி மூளையையும் கையையும் இரண்டாக அறுத்தது யார்? அவர்கள் பாட்டன் காலத்தில் யோசித்தவரும் செய்தவரும் ஒருவர்தானே? டிசைனரைக் கைவினைஞரிடம் அனுப்புவதற்குப் பதிலாகக் கைவினைஞரையே டிசைனராக ஆக்கினால் என்ன?

2005-இல் கலா ரக்ஷா வித்யாலயம் என்ற பள்ளிக்கூடம் பிறந்தது. நெய்கிறவர், அச்சடிக்கிறவர், தையல் வேலை செய்கிற பெண்கள்தான் மாணவர்கள். வண்ணம், அமைப்பு, சந்தை, ஒரு கருத்திலிருந்து முழு வரிசையை உண்டாக்குவது என்று பாடங்கள். ஒரேயடியாக வருஷம் முழுவதும் உட்காரவைத்தால் வீட்டில் அடுப்பு எரியாது என்பதைத் தெரிந்துகொண்டு, இரண்டு வாரம் பாடம், பிறகு ஊருக்குப் போய் வீட்டுப்பாடம், மறுபடி இரண்டு வாரம் என்று வைத்தார்கள். பாஷை அவர்கள் பாஷை. 2014-இல் இதே வழியில் ஸோமையா கலா வித்யா என்ற பள்ளியும் வந்தது. படித்து வெளியேறினவர்கள் தங்கள் பெயரிலேயே துணி வெளியிடுகிறார்கள். டிசைனரோடு வேலை செய்யும்போதும் சமமாக உட்கார்ந்து, இது முடியும், இது முடியாது, இதை இப்படி மாற்றினால் இன்னும் நன்றாக இருக்கும் என்று பேச முடிகிறது. கெட்டுப்போவார்கள், மரபை விட்டுவிடுவார்கள் என்று பயந்தவர்கள் உண்டு. மரபு என்ன ஊறுகாயா, ஜாடியில் மூடிவைத்துக் காப்பாற்ற? செய்கிறவர் மாற்றினால் மரபு வளர்கிறது. செய்கிறவரைக் கேட்காமல் மற்றவர் மாற்றினால்தான் கெடுகிறது.

*

நம் ஊர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரத்தில் ஒரு தறிவீட்டில் பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். கோர்வைப் புடவை, உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டும் பல் பல்லாகச் சேரவேண்டும். நெசவாளி ஒரு பக்கம், துணையாள் மறுபக்கம், மூன்று நாடா. பட்டணத்திலிருந்து கம்ப்யூட்டரில் போட்ட டிசைன் வந்திருந்தது. அன்னத்தின் கழுத்து. காகிதத்தில் வளைவு அழகாகத்தான் இருந்தது. அப்படியே நெய்தால் கழுத்தில் படிக்கட்டு விழும் என்று நெசவாளி இரண்டு இழையை நகர்த்தி, கழுத்தைச் சற்று நீட்டிவிட்டார். அன்னத்துக்கு உயிர் வந்தது.

"அவங்ககிட்டச் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"சொல்லிப் பிரயோஜனம் இல்லை சார். நல்லா வந்தா டிசைன் நல்லாருக்குன்னுவாங்க. கெட்டா நெசவு சரியில்லைன்னுவாங்க," என்றார்.

அவர் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையும் என்பது மாதிரி சொன்னார். அந்த இரண்டு இழைக்குக் கூலிச் சீட்டில் இடமில்லை. ஆனால் புடவையின் அழகு அந்த இரண்டு இழையில்தான் இருக்கிறது. கையில் இருக்கிற இந்த யோசனைக்கு என்ன பெயர்? டிசைன் என்றுதான் பெயர்.

கலையில் இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. ருக்மிணி தேவி அம்மையார் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நாட்டியம் கற்று 1935-இல் அடையாற்றில் ஆடினார். பரதநாட்டியம் பிழைத்தது, பெரிய வீட்டுப் பெண்கள் கற்றார்கள், கலாக்ஷேத்திரம் வளர்ந்தது, அங்கேயே தறி போட்டுப் பழைய புடவைக் கரைகளுக்கும் உயிர் கொடுத்தார்கள். அம்மையாரின் சேவையைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆசிரியரின் பெயரை அவர் மறைத்ததுமில்லை. ஆனாலும் அந்தக் கலையைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த குடும்பத்துப் பெண்கள் எங்கே போனார்கள்? பாலசரஸ்வதி போன்ற ஒரு மேதை நின்றார். மற்றவர்கள் பெரும்பாலும் மேடையைவிட்டு இறங்கினார்கள். பொட்டுக்கட்டு ஒழிந்தது நியாயம். 1947-இல் சட்டமும் வந்தது. கூடவே அவர்கள் கலையின் மீது அவர்களுக்கிருந்த பாத்தியதையும் ஒழிந்ததே, அது நியாயந்தானா? கலை பிழைத்தது என்று சந்தோஷப்படும்போது கலைஞர் பிழைத்தாரா என்று யாரும் கேட்கவில்லை. செருப்பிலும் துணியிலும் இன்று அதே கேள்வி நம் முன்னால் வந்து நிற்கிறது. இந்தத் தடவையாவது நேரத்தோடு கேட்கலாம்.

இத்தனை சொன்னதால் டிசைனரே வேண்டாம் என்பது என் கட்சி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நம் கைவினைஞரை அதிகமாகச் சுரண்டியவர் பெரும்பாலும் டிசைனர் அல்லர்; பாவும் ஊடும் கொடுத்துக் கடனில் கட்டிப்போடுகிற உள்ளூர் முதலாளிதான். 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் பிறந்ததே அந்தப் பிடியிலிருந்து நெசவாளியை விடுவிக்கத்தான். முன்பணம் கொடுத்து, புதுச் சந்தையைக் காட்டி, நல்ல விலை கொடுக்கிற ஒரு டிசைனர் வந்தால் தறிவீட்டில் விளக்கு எரியும். வரட்டும். வருகிற வழி நேராக இருக்கட்டும்.

நேர்வழி என்பது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. மாதிரித் துண்டு நெய்து காட்டச் சொன்னால் அதற்கும் பணம் கொடுக்க வேண்டும். இன்றைக்கு நடக்கிற அநியாயங்களில் சத்தமில்லாத பெரிய அநியாயம் இந்த 'சாம்பிள்'தான். பத்து நாள் வேலை. பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தையில் போய்விடுகிறது. பிடித்திருந்தாலும், அதை எடுத்துப்போய் மெஷினில் அச்சடித்துவிட்டால் கேட்பாரில்லை. பாதி வேலையில் ஆர்டரை ரத்து செய்தால் நஷ்டத்தில் பாதியாவது ஏற்க வேண்டும். கையால் செய்ததில் ஓர் இழை முன்பின் இருந்தால் அதைப் பழுது என்று தள்ளுவதற்கு முன், கைவேலை வேண்டும் என்று கேட்டதே நாம்தான் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். தோலுக்குப் பட்டை ஊறுகிற நாளும், துணிக்கு வெயில் காய்கிற நாளும் கணக்கில் சேரவேண்டும். ஊரின் பெயரும், முடிந்தால் ஆளின் பெயரும், கேட்காமலே போடப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 'இதைச் செய்யமாட்டேன்' என்று சொல்ல அவருக்கு இடம் இருக்க வேண்டும். மாட்டேன் என்று சொல்ல முடியாதவர் சரி என்று சொன்னால் அதற்குச் சம்மதம் என்று அர்த்தமில்லை.

ஒரு நாவலுக்கு நான் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் இவை எல்லாம் இருக்கின்றன. என் பெயர் அட்டையில் வரும். மறுபதிப்புக்குப் பணம் வரும். கேட்காமல் ஒரு வரியை மாற்றமாட்டார்கள். இவற்றை நான் சலுகையாக நினைப்பதில்லை. உரிமை என்றே நினைக்கிறேன். ஆயிரம் வாசகர் படிக்கிற நாவலுக்கு உள்ள உரிமை, லட்சம் பேர் காலில் போடுகிற செருப்புக்கு ஏன் இல்லை என்பதற்கு இதுவரை ஒருவரும் எனக்குச் சரியான பதில் சொல்லவில்லை. கைவேலை கூட்டாகச் செய்வது, ஆசிரியர் ஒருவர் இல்லை என்பார்கள். ஒருவர் இல்லை என்றால் பலர் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? பலர் இருப்பதால் யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்பது எந்த ஊர்க் கணக்கு?

அடுத்த தடவை கைவேலைச் சாமான் வாங்குகிற வாசகர், கடைக்காரரிடம் விலையைக் குறைத்துக் கேட்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: இதை எந்த ஊரில், யார் செய்தது? பதில் தெரிந்த கடைகள் சில உண்டு. பதில் தெரியாத கடைகளுக்கு, கேட்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றாவது தெரியட்டும்.